இடியப்ப உரலும் காலைக் குளிசையும்

நான் எழும்பினாலும் என் கைகள் என்னோடு எழும்புவதில்லை. முகம் கழுவி, அடுப்பைப் பற்ற வைத்து, தண்ணீர் கொதித்து வரும்வரைக்கும் அவை தூங்கிக்கொண்டே இருக்கும். விரல்களை மடக்கினால் பாதி வழியில் நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் மடக்கினால் உள்ளே யாரோ கயிறு கட்டி இழுப்பது மாதிரி இருக்கும். வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் அவை என் கைகளாக மாறும். ஆனால் என் வேலையோ வெயில் வருவதற்கு முன்பே முடிந்துபோகிற வேலை.

மாத்தளைக்குச் சற்று முன்னால் வருகிற அலுவிகாரையில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. ரோட்டோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு கண்டிப் பக்கம் போகிற லொறிக்காரர்கள் விடியும் முன்பே அங்கே நிறுத்திச் சாப்பிடுவார்கள். அந்தக் கடைக்குக் காலை இடியப்பம் அவித்துக் கொடுப்பது நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கல்யாணமாகி இந்த ஒழுங்கைக்கு வந்த காலத்தில் தொடங்கிய வேலை அது. வேறு எதையும் நான் திருத்தமாகச் செய்தேன் என்று யாரும் சொன்னதில்லை. இடியப்பத்தைச் சொல்வார்கள். நூல் மாதிரி என்பார்கள்.

இடியப்ப உரலை இரண்டு கையாலும் பிடித்து நசுக்க வேண்டும். மேல் கட்டையும் கீழ்க் கட்டையும் ஒன்றையொன்று முட்டும்வரைக்கும் விடக்கூடாது. இடையில் விட்டால் நூல் அறுந்துவிடும். நசுக்கிக்கொண்டே தட்டைச் சுற்றிக் கையைக் கொண்டுபோக வேண்டும். எனக்கு வந்த நோய் வேறு எங்கே வந்திருந்தாலும் சமாளித்திருப்பேன். அது மணிக்கட்டிலும் விரல் கணுக்களிலும் வந்து உட்கார்ந்தது. அதுவும் விடிகாலையில்தான் அதற்கு முழுப் பலம்.

முதலில் காரணம் குளிர்த் தண்ணீர் என்று நினைத்தேன். பிறகு கேஸ் அடுப்பின் சூடு என்று நினைத்தேன். சாதிக்காயை அரைத்துப் பூசினேன். சிங்கள வைத்தியரிடம் எண்ணெய் வாங்கித் தடவினேன். அந்த மணம் இடியப்பத்தில் ஏறிவிடுமோ என்று பயந்து, தடவிய எண்ணெயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மாவில் கை வைப்பேன். அப்படிக் கழுவினால் எண்ணெய் எப்படி வேலை செய்யும் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

மாவைக் குழைப்பது மட்டும் சுகமாக இருக்கும். கொதி தண்ணீர் விட்ட மாவுக்குள் கையை வைத்தால் விரல்கள் கொஞ்சம் இளகும். சில நாட்களில் தேவைக்கு மேல் குழைத்துக்கொண்டே நிற்பேன். மா ஆறிப் போய், பிறகு உரலில் இன்னும் இறுகி, நசுக்குவது இன்னும் கஷ்டமாகும். தெரிந்துகொண்டேதான் செய்வேன்.

ஒரு கட்டத்தில் வீட்டுக்காரர் உரலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அவர் த்ரீவீல் ஓட்டுகிறவர், கையில் பலம் இருக்கிறது. நான் தட்டைப் பிடிப்பேன், அவர் நசுக்குவார். பக்கத்து வீட்டில் இருக்கிற மச்சி, அவர் ராத்தா என்று கூப்பிடுகிற அக்கா, ஒரு நாள் தேங்காய்த் துருவியை இரவல் வாங்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"எனத்த தம்பி செய்ற? இது இடியப்பமா, காக்கா கூடா?"

"லொறிக்காரனுக்குப் பசிச்சா கூடும் தின்பான்" என்றார் இவர்.

"தின்பான். தின்டுட்டு அடுத்த நாள் மாத்தளையில போய் நிப்பாட்டுவான்."

மச்சியின் வாய் அப்படித்தான். ஆனால் அவள் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குக் கவலைப்படுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்காரர் வர ஐந்து நிமிடம் பிந்தினாலே விபத்து என்று நினைக்கிறவள் நான். அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடுகிற கடைக்காரர் தட்டைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினால், அவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று மத்தியானம் வரைக்கும் யோசிப்பேன். ஒரு நாள் அவர் சொல்லியேவிட்டார்.

"தங்கச்சி, கொஞ்சம் மொத்தமா வருது இப்ப. ஒங்களுக்கு ஏலாட்டி சொல்லுங்க. நான் ஒன்டும் நெனக்க மாட்டேன்."

நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், ஏற்கெனவே நினைத்துவிட்டார் என்று அர்த்தம். அந்த வாரம்தான் நான் கிளினிக்குக்குப் போக ஒத்துக்கொண்டேன்.

கண்டியில் பெரிய ஆஸ்பத்திரி. டொக்டர் ஒரு சின்னப் பெண், சிங்களத்தில் பேசினாள். என் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். காலையில் விரல் இளக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டாள். பிறகு, வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் நின்றாய் என்று கேட்டாள்.

"ஒரு நாளும் நிற்கவில்லை" என்றேன். அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். "மெதுவாகச் செய்கிறேன், அவ்வளவுதான்."

மெதுவாகச் செய்வதும் வேலை இழப்புதான் என்றாள் அவள். அதையும் எழுதிக்கொண்டாள். அடுத்து, எப்படித் தூங்குகிறாய் என்று கேட்டாள். அதை யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை. கை வலிப்பதால் தூக்கமில்லை, தூக்கமில்லாததால் கை இன்னும் வலிக்கிறது, இதில் எது முதல் என்று எனக்கே தெரியாது. திரும்பிப் படுக்கும்போது மணிக்கட்டு தலையணையில் பட்டால் விழித்துவிடுவேன். விழித்தால் யோசனை. வீட்டுக்காரர்தான் பக்கத்தில் நின்று பதில் சொன்னார்.

"இவ தூங்கிறல்ல டொக்டர். படுத்திருந்து கணக்குப் போடுவா, இனி என்னென்ன கெட்டது நடக்கலாம் எண்டு."

டொக்டருக்கு அது விளங்கியது. சிரித்தாள்.

இரண்டு விதமான குளிசை தந்தார்கள். ஒன்று மஞ்சள், கிழமைக்கு ஒரு தடவை, ஏழு நாளைக்கு ஒன்று மட்டும். அது மெதுவாக, மாதக் கணக்கில் வேலை செய்யும், அதுதான் உண்மையான மருந்து என்றாள். மற்றது சின்னக் குளிசை, ஒவ்வொரு நாளும் காலையில் சாப்பிட்ட பிறகு. மஞ்சள் குளிசை பிடிக்கும் வரைக்கும் இது தாங்கிப் பிடிக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம், நீயாக நிறுத்திவிடாதே என்றாள். ஈரலைப் பார்க்க இரத்தம் எடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். ஈரல் என்ற சொல்லை நான் வீடு வரும்வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

சின்னக் குளிசை சில நாளிலேயே வேலை செய்தது. பகலில் கை இலேசானது. ஆனால் விடிகாலையில் அவ்வளவு மாற்றமில்லை. காலையில் போடுகிற குளிசையின் பலம் அடுத்த விடிகாலைக்குள் தீர்ந்துவிடும் போலிருந்தது. வீட்டுக்காரர் இன்னும் நசுக்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் குளிசை போட்ட மறுநாள் வயிற்றைப் புரட்டும். அன்றைக்கு மாவின் ஆவி மூக்கில் பட்டாலே வாந்தி வரும்.

அப்படி இருக்கும்போது நோன்பு மாதம் வந்தது.

நோன்பு காலத்தில் கடை பகலில் மூடியிருக்கும். இரவு திறந்து ஸஹர் வரைக்கும், விடியும் முன் நோன்பாளிகள் சாப்பிடுகிற நேரம் வரைக்கும், ஓடும். ஒழுங்கையில் பாதி வீடு ஸஹருக்கு இடியப்பம்தான் எடுக்கும். வேலை கூடுமே தவிரக் குறையாது. மருந்து விசயத்தில் எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பகல் குளிசை எல்லாம் நோன்பு திறந்த பிறகு. என் உம்மா சீனி வருத்தத்துக்கு, நீரிழிவுக்கு, அப்படித்தான் செய்தார். மச்சி பிரஷர் குளிசையை அப்படித்தான் போடுகிறாள். யாரும் டொக்டரிடம் கேட்பதில்லை, நோன்பு பிடிக்காதே என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். நானும் சின்னக் குளிசையைப் பேரீச்சம்பழமும் கஞ்சியும் முடிந்த கையோடு போடத் தொடங்கினேன். ஸஹரில் போட்டிருக்கலாம். ஆனால் ஸஹர் எனக்குக் காலை இல்லை, அது இரவின் கடைசி. சாப்பிட்ட பிறகு என்று சொன்னாளே, நான் ஒழுங்காகச் சாப்பிடுவதும் நோன்பு திறக்கும்போதுதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் மூன்றாம் நாளே ஸஹர் நேரத்தில் என் கைகள் மடங்கின.

உரலை வீட்டுக்காரரிடமிருந்து வாங்கினேன். நசுக்கினேன். கட்டை கட்டையில் முட்டியது. நூல் அறாமல் சுற்றி வந்தது. அவர் தட்டை என் பக்கம் தள்ளினார். நோன்பின் பரக்கத், அல்லாஹ்வின் அருள் என்று மச்சி சொன்னாள். நானும் அப்படித்தான் நம்பினேன். கடைக்கார நானா தட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுதான் தங்கச்சிட கை" என்றார்.

அத்தோடு எனக்குத் தூக்கமும் போனது. முன்பு வலியால் விழிப்பேன். இப்போது வலி இல்லை, கண் மட்டும் மூடாது. இரவுத் தொழுகை தராவீஹ் முடிந்து வீடு அடங்கிய பிறகும் நெஞ்சு வேலைக்குப் போகத் தயாராக நிற்பது மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். படுத்துப் பார்ப்பேன். பிறகு எழும்பி மாவை அரிப்பேன். தட்டுகளைக் கழுவுவேன், கழுவியவற்றையே மறுபடி கழுவுவேன். நான் எப்படியும் விழித்திருப்பவள் என்று தெரிந்து, ஒழுங்கையில் ஒவ்வொரு வீடாக என்னிடம் சொல்லி வைத்தார்கள். ஸஹருக்கு போனில் ஒரு கோல் அடித்துவிடுங்கள் ராத்தா என்றார்கள். நான் அடித்தேன். தூக்கக் குரலில் அவர்கள் ஆ, ஆ என்பார்கள். ஒவ்வொரு குரலிலும் அவர்கள் எழும்பி வந்த தூக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுவிட்டு அடுத்த நம்பரை அழுத்துவேன்.

மாதத்தின் நடுவில் எனக்கு மனதில் ஒன்றும் படவில்லை. சந்தோஷமும் படவில்லை, பயமும் படவில்லை. அதுவே பயப்பட வேண்டிய விசயம், ஆனால் பயப்படவும் முடியவில்லை. எனக்குப் பதிலாக யாரோ என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. கை நன்றாக வேலை செய்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை, அந்த மாதம் அவித்தது மாதிரி நான் என் வாழ்க்கையில் இடியப்பம் அவித்ததில்லை.

ஒரு ஸஹரில் அவியும் பானையின் மூடியைத் திறந்து, தட்டை எடுக்கக் கையை நீட்டினேன். ஆவி மணிக்கட்டில் ஏறியது. தோல் சிவப்பதைப் பார்த்தேன். இது சுடும், கையை எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர்தான் வந்து கையை இழுத்தார்.

"ஒனக்கு வெளங்கல்லயா? வேகுது புள்ள, கை வேகுது."

"வெளங்குது" என்றேன்.

அவர் என் கையைக் குழாயின் கீழே பிடித்துக்கொண்டு நின்றார். ஸஹர் முடிகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மிச்ச இடியப்பத்தைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம். அன்று அவர் சாப்பிடாமலே நோன்புக்கு நிய்யத் வைத்தார்.

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை கிளினிக். கையில் துணி சுற்றியிருந்ததை டொக்டர் பார்த்தாள். இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து, ஈரல் நன்றாக இருக்கிறது என்றாள். நான் மாதக் கணக்கில் சுமந்த ஈரல் ஒரே வார்த்தையில் இறங்கியது. ஆனாலும் எனக்கு நிம்மதி என்று ஒன்றும் வரவில்லை. தூக்கம் எப்படி என்றாள். இல்லை என்றேன். சின்னக் குளிசையை எப்போது போடுகிறாய் என்றாள். நோன்பு திறந்த பிறகு என்றேன், பெருநாளுக்குப் பிறகும் சூரியன் மறைகிற மஃரிபுக்கே போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன்.

பேனையை வைத்தாள். அவள் கோபப்படவில்லை. அந்தக் குளிசையை இரவில் போட்டால் தூக்கத்தைக் கெடுக்கும், அதனால்தான் காலையில் என்று சொன்னோம் என்றாள். உன் கைகள் விடிகாலையில் இளகியதும் அதனால்தான், அது இரவு முழுக்க உள்ளே வேலை செய்திருக்கிறது. நீ தூக்கத்தை எடுத்துக் கைக்குக் கொடுத்திருக்கிறாய். அப்படியே தொடர முடியாது. மறுபடி காலைக்கு மாற்று. அளவையும் குறைக்கிறேன். மஞ்சள் குளிசையைக் கொஞ்சம் கூட்டுகிறேன். அது முழுதாகப் பிடிக்கும்வரைக்கும் விடிகாலையில் கை பழையபடி இறுகும். பொறுத்துக்கொள்.

"எவ்வளவு காலம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

மாதங்கள் என்றாள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி.

த்ரீவீலில் திரும்பும்போது அவர் ஒரு சொல் கேட்டார். "எது வேணும் ஒனக்கு?" கையா தூக்கமா என்றுதான் கேட்கிறார் என்று விளங்கியது. அன்று மஃரிபுக்குக் குளிசையைக் கையில் எடுத்தேன். நாளைக்கு லொறிக்காரர்களுக்கு இடியப்பம் இருக்கிறது. இதைப் போட்டால் நாளைக்குக் கை மடங்கும். வாயருகில் கொண்டுபோனேன். அப்போது மணிக்கட்டில் வெந்த இடம் கண்ணில் பட்டது. புதுத் தோல் பளபளவென்று, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. குளிசையைத் திரும்பப் போத்தலில் போட்டேன்.

அன்றைக்குத் தூங்கினேனா என்றால், இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டே தூங்கிவிட்டேனாம். எழும்பியபோது விடிகாலைத் தொழுகைக்கான ஸுபஹ் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. வீட்டுக்காரர் தனியாகக் காக்காக் கூடு நசுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கை கல்லாக இருந்தது.

வெயில் ஏறியதும் நானே கடைக்குப் போனேன். நானா கல்லாவில் இருந்தார்.

"நானா, காலயில எனக்கு ஏலா. கொஞ்ச காலத்துக்கு."

அவர் என்னை உட்காரச் சொல்லி, பிளேன்டீ ஒன்று போடச் சொன்னார். "எனக்குத் தெரியும் தங்கச்சி. பெருநாளைக்குப் பொறகு ஒங்கட மொகத்தப் பாத்துட்டு என்ட பொண்டாட்டி சொன்னா, இந்தப் புள்ள நின்டுகொண்டே தூங்குதெண்டு." பிறகு கல்லா மேசையைத் துடைத்தார். "ஆனா காலயில எனக்கு இடியப்பம் வேணும். அத நான் யார்ட்டயாவது கேக்கத்தான் வேணும்."

"கேளுங்க."

"ராச் சாப்பாட்டுக்கும் ஆள் வருது. அத நீங்க பின்னேரம் அவிச்சுத் தாங்க. பின்னேரம் கை நல்லாரிக்கும்தானே?"

இருக்கும் என்றேன். வீட்டுக்கு வந்து அழ வேண்டும் என்று நினைத்தேன், அழுகை வரவில்லை. தேங்காய் துருவினேன்.

காலை வேலையை மச்சிதான் எடுத்தாள். நானா கேட்டாராம், அவள் சரியென்றாளாம். என்னிடம் வந்து சொல்லும்போது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

"ஒங்கட வேலயப் பறிச்சேன்டு நெனக்க வேணாம்."

"நெனக்கல்ல மச்சி."

"நெனப்பீங்க. நீங்க எல்லாத்தயும் நெனக்கிற ஆள்." வாசலுக்குப் போனவள் திரும்பினாள். "மாக்குத் தண்ணி எவ்வளவு கொதிக்கணும்? எனக்குக் கட்டி விழுது."

சொல்லிக் கொடுத்தேன். அவள் வீட்டுச் சமையலறைக்கும் எங்கள் படுக்கையறைக்கும் ஒரே சுவர். விடிகாலையில் அவளுடைய உரல் கட்டை முட்டும் சத்தம் சுவர் வழியாக வரும். முதல் கிழமைகளில் அந்தச் சத்தத்துக்கு விழித்துக்கொண்டு, இது இறுகிய மா, இது இளகிய மா என்று கேட்டுக்கொண்டு கிடப்பேன். கை போர்வைக்குள் இறுகிக் கிடக்கும். அவளுடையது மொத்தமாக வருகிறது என்று யாராவது சொல்வார்களா என்று காத்திருந்தேன். அப்படிக் காத்திருப்பது பாவம், ஆனால் காத்திருந்தேன். லொறிக்காரர்கள் நிறுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். மாத்தளைக்குப் போய் யாரும் நிறுத்தவில்லை.

பின்னேரம் நான் அவிக்கிறேன். வெயிலில் கை நன்றாக இருக்கிறது. ராச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் வேறு ஆட்கள், குடும்பத்துக்குப் பார்சல் கட்டிக்கொண்டு போகிறவர்கள். அவர்களுக்கு என் கை தெரியாது. தெரிய வேண்டும் என்றும் இப்போது இல்லை. இந்த வருச நோன்பில் சின்னக் குளிசை பாதிதான் இருந்தது. டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு ஸஹரோடு போட்டேன். ஸஹருக்கு என்னை எழுப்பியது மச்சி. கோல் எடுத்ததும் நானும் ஆ, ஆ என்றேன். என் குரலில் தூக்கம் ஒட்டியிருந்தது எனக்கே கேட்டது.

போன மாதம் ஒரு விடிகாலை. சுவருக்கு அந்தப் பக்கம் உரல் முட்டும் சத்தத்தில் விழிப்பு வந்தது. பழக்கத்தில் போர்வைக்குள் விரல்களை மடக்கிப் பார்த்தேன். மடங்கின. முழுதாக, உள்ளங்கையில் போய் முட்டும்வரைக்கும். இன்னொரு தடவை மடக்கினேன். மறுபடியும் மடங்கின. இரண்டு கையும். மஞ்சள் குளிசை ஒருவாறு பிடித்திருக்க வேண்டும். இதற்காகத்தானே இவ்வளவு காலம் என்று நினைத்தேன். எழும்பி, பக்கத்து வீட்டுக்குப் போய், மச்சி, உரலை இங்கே தாங்க, என் கை வந்துவிட்டது என்று சொல்லலாம். நானாவிடம் சொல்லலாம். அவர் என் காலை வேலையைத் திருப்பித் தரவும் கூடும்.

வீட்டுக்காரர் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு அப்பால் கட்டை முட்டியது, நின்றது, முட்டியது. மா கொஞ்சம் இறுகிவிட்டது அவளுக்கு. தண்ணீரை இன்னும் கொதிக்க விட்டிருக்க வேண்டும்.

பகலில் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு, கைகளை மடக்கியபடியே கன்னத்தின் கீழே வைத்துத் திரும்பிப் படுத்தேன். மணிக்கட்டு தலையணையில் அழுந்தியது. வலிக்கவில்லை. அடுத்த தட்டு முடிகிற சத்தத்தை நான் கேட்கவில்லை.